குளிர்காலத் திசைமாற்றி இறுக்கம்

குளிர்காலத் திசைமாற்றி இறுக்கம் என்பது, கடுங்குளிரில் நெடுநேரம் நிறுத்தி வைக்கப்பட்ட தானுந்தின் திசைமாற்றி வழமையை விடக் கடினமாகத் திரும்புவதைக் குறிக்கும். திசைமாற்றி என இங்குக் குறிப்பிடப்படுவது பொதுவழக்கில் ஸ்டீயரிங் எனப்படுவதே ஆகும். கனடா, ஐக்கிய அமெரிக்காவின் வட மாநிலங்கள், பின்லாந்து, நோர்வே, உருசியா முதலிய இடங்களில் இது ஆண்டுதோறும் காணப்படும் சிக்கலாகும். சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ வண்டி ஓட்டப் பழகியவருக்கு இப்படி ஒரு கோளாறு இருப்பதே தெரிய வாய்ப்பில்லை. கனடாவில் குடியேறிய தமிழர் பலர் தம் முதற் குளிர்காலத்திலேயே இதனை எதிர்கொள்கின்றனர்.

இவ்விறுக்கம் இரு வகைப்படும். வண்டி சில நிமிடங்கள் ஓடிச் சூடேறியதும் மறைந்துவிடுவது ஒரு வகை. இது பெரும்பாலும் எண்ணெயைச் சார்ந்தது. சூடேறிய பின்னும் மறையாதது, அல்லது வளையத்தைச் சுற்றும்போது ஓரிடத்தில் இறுகி மற்றோரிடத்தில் தளர்வது இன்னொரு வகை. இது பெரும்பாலும் மூட்டுகளைச் சார்ந்தது, இடர் மிக்கது. எந்தப் பாகத்தையும் கழற்றுவதற்கு முன் இவ்விரண்டையும் பிரித்தறிய வேண்டும்.

இடர்

இறுக்கம் என்பது கைவலி மட்டும் அன்று. பனிக்கட்டி படர்ந்த சாலையில் முன் சக்கரங்கள் பிடிப்பை இழக்கும்போது திசைமாற்றி திடீரென இலேசாகும். அந்த இலேசுதான் ஓட்டுநருக்குக் கிடைக்கும் முதல் எச்சரிக்கை. மூட்டுகள் இறுகிய வண்டியில் இவ்வுணர்வு கைக்கு எட்டுவதில்லை. மேலும், வளைவிலிருந்து வெளிவரும் வண்டியின் சக்கரங்கள் தாமாகவே நேர்நிலைக்குத் திரும்ப வேண்டும். இறுகிய அமைப்பில் அவை திரும்பிய நிலையிலேயே நின்றுவிடும். ஓட்டுநர் அவற்றை வலிந்து நேராக்கும்போது அளவுக்கு மீறித் திருப்பிவிடுகிறார். வழுக்கும் சாலையில் வண்டி சுழல இதுவே போதும். எனவே "கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும்" என்று எல்லா இறுக்கத்தையும் விட்டுவிடுதல் தகாது.

அமைப்பு

இக்காலத் தானுந்துகளில் பெரும்பாலானவை ரேக்-பினியன் எனப்படும் பற்சட்ட அமைப்பைக் கொண்டவை. ஓட்டுநர் சுற்றும் வளையம் ஒரு தண்டைச் சுற்றுகிறது. தண்டின் முனையிலுள்ள சிறு பற்சக்கரம் பற்சட்டத்தை இடமோ வலமோ நகர்த்துகிறது. சட்டத்தின் இரு முனைகளும் சக்கரங்களைத் திருப்புகின்றன. இதற்கு உதவும் விசையைத் தருவது பவர் ஸ்டீயரிங் எனப்படும் விசையுதவி அமைப்பு. அமெரிக்கப் பொறியாளர் பிரான்சிஸ் டேவிஸ் 1920களில் எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் விசையுதவியை வடிவமைத்துக் காட்டினார். ஆயினும் அது விற்பனைக்கு வந்த பயணியர் தானுந்தில் இடம்பெற்றது 1951இல், கிரைஸ்லர் இம்பீரியல் வண்டியில்தான்.

எண்ணெய் விசையுதவியில், இயந்திரத்தோடு பெல்ட்டால் பிணைக்கப்பட்ட பம்பு ஒன்று எண்ணெயை அழுத்தி அனுப்புகிறது. ஓட்டுநர் வளையத்தைத் திருப்பும்போது ஒரு முறுக்குத்தண்டு சற்றே முறுகி ஒரு வால்வைத் திறக்கிறது. அதன் வழியே எண்ணெய் பற்சட்டத்திலுள்ள ஆடுதண்டின் ஒரு பக்கம் பாய்ந்து அதனைத் தள்ளுகிறது. எண்ணெய் தடையின்றி ஓடினால் மட்டுமே இவையெல்லாம் நடக்கும்.

எண்ணெய் தடித்தல்

எல்லா எண்ணெய்களும் குளிரில் தடிக்கும். எவ்வளவு தடிக்கும் என்பதுதான் பலர் அறியாதது. பல வண்டிகளில் விசையுதவி எண்ணெயாகப் பயன்பட்ட டெக்ஸ்ரான்-3 வகைத் தானியங்கிப் பல்லிணை எண்ணெயை எடுத்துக்கொள்வோம். 100 °செ வெப்பத்தில் அதன் பாகுத்தன்மை ஏறத்தாழ 6 சென்டிபாய்ஸ். −40 °செ குளிரில் 20,000 சென்டிபாய்ஸ் வரை இருக்கலாம் என அதன் தரவரையறை இடமளித்தது. அதாவது, மூவாயிரம் மடங்குக்கும் மேல். வினிப்பெக் நகரில் சனவரி மாத இரவுகளில் வெப்பநிலை −20 °செ அளவுக்கு இறங்குவது இயல்பு என்பதால், அங்கே காலையில் பம்பு இழுக்க வேண்டியிருப்பது எண்ணெயை அன்று, ஏறக்குறையப் பாகை.

தடித்த எண்ணெய் பம்பின் வாய்க்கு வேண்டிய அளவில் வந்து சேராது. வெற்றிடக் குமிழ்கள் தோன்றி உடையும்போது பம்பு முனகும் அல்லது ஊளையிடும். முதல் சில நிமிடங்கள் முனகலும் கனமும் சேர்ந்து வந்து, பின் இரண்டும் ஒன்றாக மறைந்தால் காரணம் எண்ணெயே எனப் பெரும்பாலும் முடிவு செய்யலாம்.

பழைய எண்ணெய் இதனை மேலும் மோசமாக்கும். பத்தாண்டு மாற்றப்படாத எண்ணெய் கறுத்து, ரப்பர்த் துகளும் உலோகத் துகளும் கலந்திருக்கும். எண்ணெய்க் கலத்தின் அடியில் பல வண்டிகளில் மெல்லிய வலை வடிகட்டி ஒன்று உண்டு. கோடையில் அரைகுறையாக அடைபட்ட வலை வழியே மெல்லிய எண்ணெய் எப்படியோ ஓடிவிடும், குளிரில் ஓடாது. வலையைத் தனியே கழற்ற இயலாத வண்டிகளில் கலத்தையே மாற்ற வேண்டும். அதன் விலை பம்பின் விலையில் ஒரு சிறு பங்கே.

இயந்திரத்தை மின்சாரத்தால் சூடேற்றும் கருவிகள் கனடாவிலும் பின்லாந்திலும் பரவலாகப் பயன்படுகின்றன. இவை இயந்திரத்தின் குளிர்விப்பு நீரையோ இயந்திர எண்ணெயையோ சூடேற்றுமே தவிர, திசைமாற்றி எண்ணெயை நேரடியாகச் சூடேற்றா. இரவு முழுதும் மின்னிணைப்பில் இருந்த வண்டியும் காலையில் கனமாகத் திரும்புவதற்கு இதுவே காரணம்.

ஏற்ற எண்ணெய்

குளிரில் எளிதில் ஓடும் செயற்கை எண்ணெய்க்கு மாறுவது நல்ல தீர்வு. ஆனால் எந்த எண்ணெயும் எந்த வண்டிக்கும் பொருந்தாது. செருமானிய, சுவீடிய வண்டிகள் பலவற்றில் சி.எச்.எஃப். 11எஸ் எனப்படும் பச்சை நிறச் செயற்கை நீரழுத்த எண்ணெய் குறிப்பிடப்படுகிறது. இது −40 °செ குளிரிலும் தாராளமாக ஓடக்கூடியது. டொயோட்டா வண்டிகள் பலவற்றுக்குச் சிவப்பு நிற டெக்ஸ்ரான் வகை எண்ணெய் குறிப்பிடப்பட்டது. ஓண்டா நிறுவனம் தன் சொந்தத் திசைமாற்றி எண்ணெயையே பயன்படுத்துமாறு கையேட்டில் கூறுகிறது. கலத்தின் மூடியிலோ கையேட்டிலோ எழுதியிருப்பதே முடிவானது. பச்சையையும் சிவப்பையும் கலக்கலாகாது. நிறம் ஒரு குறிப்பு மட்டுமே என்பதால் நிறத்தை மட்டும் நம்பவும் கூடாது.

கையில் கிடைத்த பிரேக் எண்ணெயைத் திசைமாற்றிக் கலத்தில் ஊற்றுவது சில வேளைகளில் நடக்கிறது. கிளைக்கால் அடிப்படையிலான அது, கனிம எண்ணெய்க்கென அமைந்த ரப்பர் அடைப்புகளைக் கெடுத்துவிடும். "இறுக்கம் நீக்கி" என விற்கப்படும் புட்டி மருந்துகள் சிலவும் அடைப்புகளை உப்ப வைத்து ஒழுக்கைச் சிறிது காலம் மறைப்பவையே. எண்ணெயின் தடிப்பை அவை நீக்குவதில்லை.

எண்ணெய் மாற்றும் முறை

முதலில் மட்டம் பார்த்தல் வேண்டும். பல கலங்களில் குளிர்நிலைக்கும் சூடுநிலைக்கும் தனித்தனிக் கோடுகள் உண்டு. குளிர்ந்த வண்டியில் சூடுநிலைக் கோடு வரை நிரப்பினால், எண்ணெய் விரிந்து வழியும். மட்டம் குறைந்திருந்தால் எண்ணெய் எங்கோ ஒழுகுகிறது என்று பொருள், நிரப்பிவிட்டு மறந்துவிடலாகாது.

எளிய முறை, கலத்திலுள்ள எண்ணெயை ஒரு பெரிய மருந்தூசிக் குழலால் உறிஞ்சி எடுத்துப் புதியதை ஊற்றுவது. சில நாள் ஓட்டியபின் மீண்டும் அவ்வாறே செய்ய வேண்டும். மூன்று நான்கு முறைக்குப் பின் பெரும்பகுதி புதிய எண்ணெயாகிவிடும். அமைப்பின் மொத்தக் கொள்ளளவு பல வண்டிகளில் ஏறத்தாழ ஒரு லிட்டர் என்பதால் செலவு பெரிதன்று. திரும்பு குழாயைக் கழற்றி ஒரேயடியாக வடிப்பது முழுமையானது. ஆனால் உள்ளே காற்று புகும். அக்காற்றை வெளியேற்ற, முன் சக்கரங்களைத் தரையிலிருந்து உயர்த்தி, உறுதியான தாங்கிகளில் நிறுத்தி, இயந்திரத்தை இயக்காமல் வளையத்தை இடக்கோடியிலிருந்து வலக்கோடிக்கு மெதுவாகப் பலமுறை சுற்ற வேண்டும். கலத்தில் குமிழ் வருவது நின்றபின் இயந்திரத்தை இயக்கலாம். இவ்வேலையைக் குளிர்காலம் தொடங்குமுன், அக்டோபரில் செய்துவிடுவது அறிவுடைமை. −15 °செ குளிரில் வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு செய்ய எவரும் விரும்பார்.

பம்பும் பெல்ட்டும்

புதிய எண்ணெய் ஊற்றியும் முனகல் தொடர்ந்து, எண்ணெய் நுரைத்தும் காணப்பட்டால், உறிஞ்சு பக்கத்தில் காற்று புகுகிறது. பம்பின் நுழைவாயிலில் உள்ள சிறு ரப்பர் வளையம் ஆண்டுகள் செல்லச் செல்லக் கெட்டிப்படும். குளிரில் மேலும் சுருங்கும். எண்ணெய் வெளியே ஒழுகாது, காற்று மட்டும் உள்ளே போகும். ஆகவே கண்ணுக்கு எதுவும் தெரியாது. ஓண்டா வண்டிகளில் இது நன்கு அறியப்பட்ட கோளாறு. மிக மலிவான இந்த வளையத்துக்காகப் பம்பையே மாற்றியோர் பலர்.

திருப்பும்போது கீச்சென்ற ஒலி எழுந்தால் பெல்ட் வழுக்குகிறது. குளிரில் கெட்டிப்பட்ட பழைய பெல்ட், தடித்த எண்ணெயை இழுக்கும் பம்பின் சுமையைத் தாங்காமல் வழுக்கும். பெல்ட்டின் இழுவிசையையும் விரிசல்களையும் பார்க்க வேண்டும். வளையத்தைக் கோடிவரை திருப்பி அங்கேயே பிடித்திருப்பது பம்புக்கும் பெல்ட்டுக்கும் கேடு. அந்நிலையில் பம்பு தன் உச்ச அழுத்தத்தில் இயங்குவதால் ஐந்து விநாடிக்கு மேல் அவ்வாறு பிடிக்கலாகாது.

சக்கரக் காற்றழுத்தம்

எல்லாவற்றுக்கும் முன் பார்க்க வேண்டியது இது. பெரும்பாலும் கடைசியில் பார்க்கப்படுவதும் இதுவே. 20 °செ வெப்பத்தில் 32 பி.எஸ்.ஐ. அழுத்தத்துக்கு நிரப்பிய டயர், −20 °செ குளிரில் காற்று ஏதும் கசியாமலேயே ஏறத்தாழ 26 பி.எஸ்.ஐ.க்கு இறங்கிவிடும். வளிம விதிப்படி தனி அழுத்தம் தனி வெப்பநிலைக்கு நேர் விகிதத்தில் மாறுவதே காரணம். அழுத்தம் குறைந்த டயர் தரையோடு அகன்று படிவதால், குறிப்பாக வண்டி நிறுத்துமிடத்தில், திசைமாற்றி கனக்கும். சூடான கொட்டகைக்குள் நிரப்பிய காற்று வெளியே வந்ததும் குறையும் என்பதையும் கருத்தில் கொள்ள வேண்டும்.

மூட்டுகளும் சாலை உப்பும்

வளையத்துக்கும் பற்சட்டத்துக்கும் இடைப்பட்ட தண்டில் யு-ஜாயின்ட் எனப்படும் குறுக்கு மூட்டு ஒன்றோ இரண்டோ இருக்கும். இவற்றுள் கீழ்மூட்டு பல வண்டிகளில் இயந்திர அறையில், சக்கரம் வாரியடிக்கும் சேற்றுக்கும் உப்புநீருக்கும் எட்டும் இடத்தில் உள்ளது. பனியை உருக்கச் சாலையில் தூவப்படும் சோடியம் குளோரைடு ஏறத்தாழ −9 °செ வரைதான் நன்கு வேலை செய்யும். அதற்கும் கீழே கல்சியம் குளோரைடும் மக்னீசியம் குளோரைடும் பயன்படுகின்றன. இவ்விரண்டும் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையன. உலோகத்தின் மேல் படிந்தால் நெடுநேரம் ஈரமாகவே இருந்து அரிக்கும்.

மூட்டின் சிறு ஊசித்தாங்கிகள் துருவேறினால் அதன் இரு அச்சுகளுள் ஒன்று இறுகும். அதன் அடையாளம் தெளிவானது: வளையத்தை ஒருமுறை முழுதாகச் சுற்றும்போது இறுக்கம், தளர்வு, இறுக்கம், தளர்வு என இருமுறை மாறி வரும். கிரீசு உறைவதால் குளிரில் இது மிகும். ஆனால் வெயிற்காலத்திலும் முற்றாக மறையாது. ஊடுருவும் எண்ணெய் தெளித்தால் சில வாரம் இலேசாகும். அதனைத் தற்காலிக உதவியாகவும் நோயறி சோதனையாகவும் மட்டுமே கொள்ள வேண்டும். துருவேறிய மூட்டை மாற்றுவதே தீர்வு. இடைத்தண்டைக் கழற்றுமுன் வளையத்தை நேராக நிறுத்திக் கட்டிவைக்க வேண்டும். இல்லாவிடில், காற்றுப்பையின் மின்னிணைப்புச் சுருள் அளவுக்கு மீறிச் சுற்றப்பட்டு அறுந்துவிடும்.

இதே போன்ற இறுக்கம் சக்கரப் பக்கத்திலும் தோன்றலாம். முன் அதிர்வுதாங்கியின் மேலேயுள்ள தாங்கி, சக்கரம் திரும்பும்போது தானும் சுழல வேண்டும். அது துருவேறினால் திருப்பும்போது சுருள்வில் "டங்" என்று துள்ளும் ஒலி கேட்கும். பந்து மூட்டு இறுகினால் ஒலி இல்லாமலேயே சக்கரம் நேராகத் திரும்ப மறுக்கும். பிரித்தறியும் வழி இது: இயந்திரத்தை நிறுத்தி, முன் சக்கரங்களை உயர்த்தி, இணைப்புத் தண்டின் முனையைச் சக்கரத்திலிருந்து கழற்றிவிட்டு, சக்கரத்தைக் கையால் திருப்பிப் பார்க்க வேண்டும். இப்போதும் கனமாக இருந்தால் குற்றம் பந்து மூட்டிலோ மேல்தாங்கியிலோ உள்ளது. சக்கரம் இலேசாகவும் வளையம் கனமாகவும் இருந்தால் குற்றம் பற்சட்டத்திலோ இடைத்தண்டிலோ உள்ளது. முழுப் பற்சட்டத்தையும் மாற்றுவது இப்பணிகளுள் மிகச் செலவானது. அதன்பின் சக்கர ஒழுங்கமைவும் சரிசெய்ய வேண்டும். அரைமணி நேரச் சோதனையைச் செய்யாமல் எந்தப் பணிமனை அதனைப் பரிந்துரைத்தாலும் காரணம் கேட்பது வண்டி உரிமையாளரின் உரிமை.

காலை மசக்கை

1980களின் ஜெனரல் மோட்டார்ஸ் முன்சக்கர இயக்க வண்டிகளில் ஒரு கோளாறு பெரிதும் பேசப்பட்டது. காலையில் விசையுதவி அறவே இராது. பெரும்பாலும் ஒரு பக்கம் திருப்பும்போது மட்டும். சூடேறியதும் எதுவுமே நடவாதது போல் வண்டி இயங்கும். கருவுற்ற பெண்களின் காலைநேர மசக்கையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லையே பொறிவல்லுநர் இதற்கும் சூட்டினர். வால்வின் கெட்டியான டெஃப்லான் வளையங்கள், அவற்றைச் சூழ்ந்த மென்மையான அலுமினிய உறையில் நாளடைவில் வரிப்பள்ளங்களை அரித்துவிட்டன. குளிரில் வளையங்கள் சுருங்கியிருக்கும்போது எண்ணெய் அப்பள்ளங்களின் வழியே தப்பி ஓடியது; சூடேறியதும் வளையங்கள் விரிந்து அடைத்தன. எண்ணெய் மாற்றுவதால் இது தீராது. உறையைக் குடைந்து எஃகு உள்ளுறை பொருத்திய பற்சட்டங்களே நிலையான தீர்வாயின. சூடேறியதும் மறையும் இறுக்கம் எண்ணெயைச் சார்ந்தது என்னும் பொதுவிதிக்கு இது முதன்மையான விலக்கு. ஆண்டுக்காண்டு மறைவதற்கு ஆகும் நேரம் நீண்டுகொண்டே போனால் இதனை ஐயுறலாம்.

பனிக்கட்டி

சில வேளைகளில் வண்டியில் எக்குற்றமும் இராது. சக்கர வளைவுக்குள் அப்பிய ஈரப்பனி இரவில் கல்லாக உறைந்து, சக்கரம் திரும்ப இடமில்லாமல் செய்துவிடும். டயர் தரையோடு உறைந்து ஒட்டிக்கொள்வதும் உண்டு. வளையத்தை வலிந்து திருப்புவதற்குப் பதில் இறங்கிச் சென்று பார்ப்பது நல்லது. பனிக்கட்டியை மரக்கட்டையால் தட்டி உதிர்க்கலாம். வெந்நீர் ஊற்றினால் அது சற்று நேரத்தில் மேலும் பனிக்கட்டியாகும். பற்சட்டத்தின் முனைகளை மூடியுள்ள ரப்பர் உறை கிழிந்திருந்தால், உள்ளே புகுந்த நீர் உறைந்து சட்டத்தையே பிடித்துக்கொள்ளும். உறை மலிவானது, பற்சட்டம் அப்படியன்று.

வண்டியை இயக்கியவுடன் ஓரிரு நிமிடம் நின்று, வளையத்தைக் கோடிவரை கொண்டு செல்லாமல் சிறிது சிறிதாக இருபுறமும் திருப்பினால் எண்ணெய் அமைப்பு முழுவதும் பரவும். மூடிய கொட்டகைக்குள் இவ்வாறு இயந்திரத்தை ஓடவிடுதல் உயிருக்கு ஆபத்து. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ மணமோ கிடையாது.

மின் விசையுதவி

1988இல் சுசுக்கி செர்வோ சிறுவண்டியில் அறிமுகமான மின் விசையுதவி, இன்று புதிய பயணியர் வண்டிகளில் எண்ணெய் முறையைப் பெரும்பாலும் அகற்றிவிட்டது. இதில் எண்ணெயும் இல்லை, பம்பும் இல்லை. ஆயினும் குளிர் இதனை விட்டுவிடவில்லை. விசையுதவி மோட்டார், திருப்பும் கணத்தில் பல பத்து ஆம்பியர் மின்னோட்டத்தை வேண்டும். ஈய-அமில மின்கலமோ குளிரில் வலுவிழக்கும். அதன் குளிர்நிலை இயக்கத்திறன் −18 °செ வெப்பநிலையில் அளவிடப்படுவதே இதனால்தான். மின்னழுத்தம் தாழ்ந்தால் கட்டுப்பாட்டுக் கருவி உதவியைக் குறைக்கும் அல்லது நிறுத்தும். முகப்பில் திசைமாற்றி விளக்கு எரியும். ஐந்தாறு ஆண்டு பழைய மின்கலம் உள்ள வண்டியில் அவ்விளக்கு குளிர்காலைகளில் மட்டும் எரிந்தால், முதலில் மின்கலத்தையும் அதன் முனைகளையும் சோதிக்க வேண்டும். திசைமாற்றி மோட்டாரின் விலையோடு ஒப்பிட்டால் மின்கலம் மலிவு.

உப்பு இங்கும் தன் வேலையைக் காட்டியது. 2018 மார்ச்சில் டெஸ்லா நிறுவனம், 2016 ஏப்ரலுக்கு முன் செய்யப்பட்ட மாடல் எஸ் வண்டிகள் ஏறத்தாழ 1,23,000 ஐ உலகெங்கும் திரும்ப அழைத்தது. விசையுதவி அமைப்பின் மரைகள், கல்சியம், மக்னீசியம் உப்புகள் மிகுதியாகத் தூவப்படும் கடுங்குளிர்ப் பகுதிகளில் அளவுக்கு மீறி அரிக்கப்பட்டமையே காரணம். மரை முறிந்தால் விசையுதவி நின்றுவிடும். ஆயினும் கைவலிமையால் வண்டியைத் திருப்ப முடியும். விரைவாகச் செல்லும்போது இது பெரிதாகத் தெரியாது. மெதுவாகத் திரும்பும்போதும் நிறுத்தும்போதும் மிகக் கனக்கும். இத்தகைய திரும்ப அழைப்புகளின்போது பழுது இலவசமாக நீக்கப்படும் என்பதால், மின் விசையுதவி வண்டியில் இறுக்கம் தோன்றினால் பணிமனைக்குச் செல்லுமுன் வண்டியின் அடையாள எண்ணைக் கொண்டு நிலுவையிலுள்ள திரும்ப அழைப்பு ஏதும் உண்டா எனப் பார்த்தல் வேண்டும். கனடாவிலும் ஐக்கிய அமெரிக்காவிலும் இதனை இணையவழி அறியலாம்.